எம்.என்.டி. நோயாளி நம் கிளினிக்குக்குத் திரும்பி வரும்போது: குழுவை யார் கட்டுவது?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 6 வருடமாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். சிறிய கிளினிக். நான், இன்னொரு மருத்துவர், ஒரு நர்ஸ், முன்மேசையில் இரண்டு பேர். அவ்வளவுதான்.

போன வாரம் என் நோயாளி ஒருவர் நரம்பியல் நிபுணரின் கடிதத்தோடு திரும்பி வந்தார். வயது ஐம்பதுகளில். (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எட்டு மாதத்துக்கு முன்னால், சட்டைப் பட்டன் போட முடியவில்லை என்று முதலில் என்னிடம்தான் வந்தார். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று நினைத்து பிசியோதெரபிக்கு அனுப்பினேன். வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. ஆனால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக்கொண்டே போயிருக்கிறது. மூன்றாவது முறை வந்தபோது மேசைமேல் அவர் கையை விரித்து வைத்தார், அப்போதுதான் பார்த்தேன். முன்கையில் தோலுக்கடியில் தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அன்றே நிபுணருக்கு எழுதினேன்.

இப்போது வந்த கடிதத்தில் இயக்க நரம்பணு நோய் (எம்.என்.டி.), ஏ.எல்.எஸ். வகை என்று இருக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதைந்து, தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய். கடைசி வரி: "தொடர் கவனிப்பு குடும்ப மருத்துவரிடம்."

அந்த ஒரு வரியில் என்னென்ன அடங்கும்? பிசியோ, பேச்சுப் பயிற்சி, உணவு, மூச்சு என்று பலர் வேண்டும் என்று படித்திருக்கிறேன். இவர்களை ஒன்று சேர்ப்பது யார் வேலை? எங்களைப் போன்ற சிறிய இடத்தில் இதை நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவரும் அவர் மனைவியும் அடுத்த வியாழக்கிழமை வருகிறார்கள்.


பழையஸ்டெத்

டாக்டர், முதலில் அந்த எட்டு மாதத்தைப் பற்றி. அறிகுறி தொடங்கி நோய் உறுதியாக ஏறக்குறைய ஒரு வருடம் ஆவது உலகம் முழுக்க நடப்பதுதான். மூன்றாவது தடவையாவது கையைப் பார்த்தீர்களே. அவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: "முதலில் நான் வேறு மாதிரி நினைத்தேன், எனக்கும் வருத்தம்தான்." நான் ஒருவரிடம் அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அவர் எதையும் என்னிடம் மறைக்கவில்லை.

38 வருடத்தில் நான் பார்த்தது மூன்று பேர். முதல் ஆளிடம் செய்த தவறைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்டபோதெல்லாம் உதவினேன். விழுங்க முடியவில்லை என்றபோது உணவுக் குழாய்க்கு (வயிற்றுக்கு நேராக உணவு செலுத்த வைக்கும் குழாய்) எழுதினேன், மூச்சு வாங்குகிறது என்றபோது மூச்சு நிபுணருக்கு எழுதினேன். ஒவ்வொன்றும் பிந்திப்போனது. குழாய் வைக்க நாள் கிடைத்தபோது மயக்க மருந்தைத் தாங்கும் அளவுக்கு நுரையீரலில் பலம் இல்லை. எடையும் ரொம்பக் குறைந்திருந்தது.

இந்த நோயில் தேவை வந்த பிறகு ஓடினால் பயன் இல்லை. மூன்று மாதம் கழித்து என்ன தேவைப்படும் என்று இன்றைக்கே கேட்க வேண்டும். குரல் தெளிவாக இருக்கும்போதே குரலைப் பதிந்து வைக்க வேண்டும். விழுங்க முடிகிறபோதே குழாயைப் பற்றிப் பேச வேண்டும். கை எழுதும்போதே, பின்னால் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று எழுதி வாங்க வேண்டும். இது ஒருவர் தலையில் மட்டும் இருந்தால் மறந்துபோகும். அதனால்தான் குழு.

இன்னொன்று. வீட்டார் ஸ்டீபன் ஹாக்கிங் பற்றிக் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். 1963-ல் 21 வயதில் நோய் தெரிந்தது, 2018-ல் 76 வயதில் இறந்தார். அது மிக அரிது. பெரும்பாலோருக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 வருடம். சிலர்தான் பத்தைத் தாண்டுகிறார்கள். நம்பிக்கையை வெட்டாமல் இதைச் சொல்லப் பழக வேண்டும்.


நேர்கோடு

நானும் குடும்ப மருத்துவர்தான். கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐரோப்பியக் கணக்குப்படி வருடத்துக்கு லட்சம் பேரில் சுமார் 2 பேருக்குத்தான் இந்த நோய் புதிதாக வருகிறது. ஒரு மருத்துவர் 2000 பேரைக் கவனித்துக்கொண்டால் 25 வருடத்தில் ஒருவர். இவ்வளவு அரிதான ஒன்றுக்கு ஒவ்வொரு கிளினிக்கும் குழு கட்ட முடியுமா? இதற்கென்று இருக்கும் சிறப்பு மையங்களில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அயர்லாந்தில் 2003-ல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட பல்துறை மையத்துக்குப் போனவர்கள் பொது நரம்பியல் பிரிவுக்குப் போனவர்களைவிட நடுக்கணக்கில் (மீடியன்) ஏழரை மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். மையத்துக்கு அனுப்புவதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. அரைகுறையாக நாம் தலையிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.


மூத்தமகள்

நான் மருத்துவர் இல்லை. அப்பாவை 26 மாதம் பார்த்துக்கொண்டவள். நேர்கோடு சார் எழுதியதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் சொல்லும் மையத்துக்கு அப்பாவும் போனார். நல்ல மையம். அங்கே போகாமல் இருந்திருந்தால் அவ்வளவு காலம் இருந்திருக்க மாட்டார். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு நாள்தான் அங்கே. மற்ற எல்லா நாளும் வீட்டில். எச்சில் வழிந்து சட்டை நனைவது, ராத்திரி கால் தசை பிடித்துக்கொள்வது, மலச்சிக்கல், மாத்திரை தொண்டையில் நிற்பது, காரணமே இல்லாமல் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடிவது... இதற்கெல்லாம் அடுத்த தேதி வரை காத்திருக்க முடியுமா? நாங்கள் கூப்பிட்டது பக்கத்து கிளினிக்கைத்தான்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவுக்குப் பேச்சு குழறத் தொடங்கிய மாதம். நான் வேலைக்குப் போயிருந்தேன். மருந்து தீர்ந்துவிட்டது என்று அவரே கிளினிக்குக்கு போன் செய்திருக்கிறார். எடுத்தவர் இரண்டு முறை "யாருங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். குடித்துவிட்டுக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கலாம். அப்பா மூன்று முறை முயன்றிருக்கிறார். சாயங்காலம் நான் வந்தபோது போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் போன் செய்யவே இல்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். குழு என்றால் நிபுணர்கள் மட்டுமா? போன் எடுப்பவரும் குழுவில் இருந்திருந்தால் அன்றைக்கு அப்படி ஆகியிருக்காது.


நேர்கோடு

உங்கள் அப்பாவுக்கு அப்படி நடந்திருக்கக் கூடாது. மன்னியுங்கள் அக்கா. மையமா கிளினிக்கா என்று நான் பிரித்துப் பேசியது சரியில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கை நான் யோசிக்கவில்லை.


தினமும்முன்மேசை

நான் ஒரு கிளினிக்கில் முன்மேசையில்தான் இருக்கிறேன். மூத்தமகள் அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் இடத்தில் பேச்சு வராத ஒருவருக்காக ஒன்று செய்தோம். அவர் பெயரைக் கணினியில் திறந்தாலே மேலே சிவப்பில் வரும்: "பேச்சு தெளிவாக இருக்காது. காத்திருக்கவும். போனை வைக்க வேண்டாம்." அவர் எண்ணையும் மனைவி எண்ணையும் மேசை போனில் பெயரோடு பதிந்து வைத்தோம். குரல் முழுதாகப் போன பிறகு குறுஞ்செய்தி மட்டும். தட்டினால் ஆம், இரண்டு முறை தட்டினால் இல்லை என்று போனிலேயே ஒரு வழக்கமும் வைத்திருந்தோம். அவருக்கு எப்போதும் இரட்டை நேரம் ஒதுக்குவோம், அதே மருத்துவரிடம்தான். வரிசையில் உட்கார வைக்க மாட்டோம், வந்தவுடன் உள்ளே. இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு ஆளைக்கூட வைக்கவில்லை.


அசைவு

பிசியோதெரபிஸ்ட். நிலாமுற்றம் டாக்டர், வியாழக்கிழமைக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மூச்சுதான் எல்லாவற்றுக்கும் மேல். ஆனால் இவர்கள் "மூச்சு வாங்குகிறது" என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். நடக்கவே முடியாதவருக்கு நடந்தால் மூச்சு வாங்குமா? உதரவிதானம் பலம் இழப்பது முதலில் தெரிவது தூக்கத்தில்தான். காலையில் தலைவலி. ராத்திரி பல தடவை விழிப்பு, கெட்ட கனவு. பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது. மல்லாந்து படுத்தால் திணறல், அதனால் தலையணை ஒன்று இரண்டாகி மூன்றாவது. தலையணை எத்தனை என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மூக்கை உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி எதுவரை போகிறார் என்று குறித்து வையுங்கள். போன மாதம் 30 வரை போனவர் இந்த மாதம் 18-ல் நின்றால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், மூச்சுப் பிரிவுக்கு அன்றைக்கே எழுதுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 97 காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். இங்கே முதலில் கெடுவது ஆக்சிஜன் இல்லை. கரியமில வாயு வெளியேறாமல் தேங்குவதுதான் முதலில் வரும்.

ராத்திரியில் மாட்டும் மூச்சு உதவி மாஸ்க் உயிரைக் காக்கும் கருவி. 2006-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் தொண்டைத் தசை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு நடுக்கணக்கில் 205 நாள் கூடுதலாகக் கிடைத்தது, அந்த நாட்களின் தரமும் நன்றாக இருந்தது. பல பேருக்கு, நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் ரிலுசோல் மாத்திரையைவிட இது கொடுக்கும் காலம் அதிகம். ஆனால் முதல் வாரம் மாஸ்க் அழுத்தும், காற்று கண்ணில் அடிக்கும், "இது வேண்டாம்" என்பார்கள். அந்த வாரத்தில் தினமும் யாராவது ஒருவர் போய் உட்கார்ந்தால் பழகிவிடுவார்கள். உங்கள் நர்ஸ் அதைச் செய்யலாம்.

அப்புறம் தோள். வீட்டார் அன்பாகத்தான் கையைப் பிடித்துத் தூக்குவார்கள். தசை இல்லாத தோள் மூட்டு அப்படி இழுத்தால் இறங்கிவிடும், வலி உயிர் போகும். அக்குளுக்குக் கீழே, விலாவைப் பிடித்து எழுப்பக் கற்றுக்கொடுங்கள். நான் முதல் நாளே மனைவியைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, அவரையே ஒரு தடவை அப்படி எழுப்பிக் காட்டுவேன். உடம்பில் பட்டால்தான் மறக்காது.


மூத்தமகள்

மேற்கோள்: "இங்கே முதலில் கெடுவது ஆக்சிஜன் இல்லை."

இந்த வரியை யாராவது எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தால்! ஒரு ராத்திரி அப்பாவுக்குத் திணறல். ஆம்புலன்ஸ் வந்தது. முழு வேகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். முதலில் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தூங்கிவிட்டார், எழுப்பினால் கண் திறக்கவில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிட்டது என்று அப்புறம் சொன்னார்கள். வீட்டிலிருந்த மாஸ்க் மெஷினைத் தம்பி எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அதை மாட்டி மூன்று மணி நேரம் கழித்து அப்பா கண் விழித்தார்.

மெஷின் எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.


பழையஸ்டெத்

இதற்காகத்தான் நான் இப்போது ஒரே ஒரு பக்கம் எழுதி வைக்கிறேன். அச்சடித்து, வீட்டு வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்வேன். நோயின் பெயர். பேச முடியாது, ஆனால் எல்லாம் புரியும். மல்லாத்திப் படுக்க வைக்காதீர்கள். ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டு விடாதீர்கள், மாஸ்க் மெஷினையும் கூடவே எடுத்துப் போங்கள். உணவுக் குழாய் இருந்தால் அது. மூச்சுக்குழாயில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கலாமா என்பதில் அவர் எடுத்த முடிவு, தேதியோடு. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கக்கூடிய ஒரு எண். இதே பக்கத்தின் பிரதி கிளினிக்கில் ஒன்று, நிபுணரிடம் ஒன்று, நோயாளியின் பையில் ஒன்று. ஏதாவது மாறினால் எல்லாப் பிரதியும் மாற வேண்டும். அந்தப் பொறுப்பு எங்கள் நர்ஸுடையது.

பெரிய கோப்பை அவசரத்தில் யாரும் புரட்டுவதில்லை. ஒரு பக்கத்தைப் படிப்பார்கள்.


சொல்வளம்

பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர். பொதுவாக எங்களிடம் அனுப்புவது பேச்சு பாதி போன பிறகுதான். குரல் சேமிப்புக்குத் தெளிவான குரல் வேண்டும். பின்னால் கருவி அவருடைய குரலிலேயே பேச அதுதான் மூலதனம். கையில் தொடங்கிய நோய்தானே, பேச்சு நன்றாக இருக்கிறதே என்று விடாதீர்கள். இப்போது நன்றாக இருப்பதால்தான் இப்போது பதிய வேண்டும். முழுப் பதிவுக்கு மனம் வராதவர்களிடம், வீட்டில் தினமும் சொல்கிற பத்து இருபது வாக்கியத்தையாவது பதியச் சொல்வேன். ஒருவர் தன் பேத்தியைக் கூப்பிடும் செல்லப் பெயரை மட்டும் ஆறு விதமாகப் பதிந்தார். கோபமாக, கொஞ்சலாக, தூரத்திலிருந்து கூப்பிடுவது போல. கடைசி வருடம் அதைத்தான் அதிகம் அழுத்தினார்.

எச்சில் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீராக வழியும் எச்சிலும், நூல் நூலாகத் தொண்டையில் ஒட்டும் கெட்டிச் சளியும் ஒன்று இல்லை. வழியும் எச்சிலுக்குக் கிளைக்கோபைரோனியம், ஹையோசின், அமிட்ரிப்டிலின் மாதிரி உலர்த்தும் மருந்து உதவும். அதையே கெட்டிச் சளிக்குக் கொடுத்தால் இன்னும் இறுகிவிடும். அங்கே நீர்ச்சத்து, நீராவி ஈரம், சளியை இளக்கும் மருந்து, இருமல் உதவி. பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், அப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு மூன்று நாள் பார்த்துத்தான் அடுத்தது.

எடையை ஒவ்வொரு வருகையிலும் பாருங்கள். நோய்க்கு முந்தைய எடையிலிருந்து 10 சதவீதம் இறங்கிவிட்டால் பிந்திவிட்டோம் என்று அர்த்தம். அதற்கு வெகு முன்பே உணவியலாளர் வர வேண்டும். சாப்பிட ஒரு மணி நேரம் ஆகிறது என்று மனைவி சொன்னாலே போதும், குழாய்ப் பேச்சைத் தொடங்கலாம். குழாய் வைத்தாலும் வாயால் ருசிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இனி வாயால் எதுவும் கிடையாது" என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மறுக்கிறார்கள்.


மருந்துமேசை

மருந்தாளுநர். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ரிலுசோல் 50 மி.கி., நாளுக்கு இரண்டு. கல்லீரல் சோதனை முதல் மூன்று மாதம் மாதாமாதம், அந்த வருடத்தின் மீதியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. காய்ச்சல் வந்தால் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இது முழுக்க உங்கள் கிளினிக்கில் நடக்கக்கூடியது, மையத்துக்கு அலையவிட வேண்டாம்.

மாத்திரை விழுங்கச் சிரமம் என்றவுடன் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் இடித்துக் கொடுப்பார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை இடித்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். திரவமாக எது கிடைக்கும், எதை மாற்ற வேண்டும் என்று நாங்கள் பட்டியல் போட்டுத் தருவோம். உணவுக் குழாய் வழியே கொடுத்தால் ஒவ்வொரு மருந்தும் தனித்தனியாக, முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு.


விழித்தட்டச்சு

எனக்கு இந்த நோய் வந்து 4 வருடம். கண்ணால் எழுதுகிறேன். இந்தப் பதிவுக்கு 40 நிமிடம் ஆனது.

என் மருத்துவர் கேள்வியை என்னிடம் கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். மனைவி சொல்ல வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். போவதற்கு முந்தின நாள் அவர் கேள்விகளை அனுப்பிவிடுவார், நான் ராத்திரியே பதில் எழுதி வைத்துவிடுவேன்.

மனைவியிடம் தனியாகவும் பேசுவார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை. அவளுக்கு அது வேண்டும்.


நிலாமுற்றம்

ஐயா, நன்றி. 40 நிமிடம் செலவழித்து எனக்காக எழுதியிருக்கிறீர்கள். முந்தின நாளே கேள்விகளை அனுப்பும் முறையை நாளைக்கே தொடங்குகிறேன்.

எல்லோருக்கும் இன்னொரு கேள்வி. கடைசிக் காலம் பற்றி எப்போது பேசுவது? வியாழக்கிழமை அது வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் பிந்திவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.


நேர்கோடு

என் கருத்து: அவர்கள் கேட்கும்வரை பேசக்கூடாது. நோயின் பெயரைக் கேட்டே ஒரு வாரம்தான் ஆகிறது. இப்போது சாவைப் பற்றிப் பேசினால் அவரை உயிரோடு கைவிட்ட மாதிரி.


இரவுப்பணி

வலி தணிப்புச் சிகிச்சை நர்ஸ். 14 வருடமாக வீடு வீடாகப் போகிறேன். நேர்கோடு டாக்டர், உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. வியாழக்கிழமை எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம்தான். ஆனால் "கேட்கும்வரை" என்பதை ஏற்க முடியவில்லை. பல பேர் கேட்பதற்குள் பேச்சு போய்விடுகிறது. சிலருக்கு யோசனையும் மாறுகிறது. இந்த நோயில் பாதிப் பேர் வரை சிந்தனையிலோ நடத்தையிலோ மாற்றம் வரலாம், ஒரு பகுதியினருக்கு முன்மூளை மறதிநோயே சேர்ந்து வரும். வீட்டில் "பிடிவாதம் கூடிவிட்டது, யார் மேலும் பாசம் இல்லை" என்று சொல்வார்கள். அது அவர் குணம் இல்லை, நோய் என்று சொன்னவுடனே அந்த மனைவியின் முகம் மாறுவதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒரே கேள்விதான்: "வரப்போவதைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? இன்றைக்கா, இன்னொரு நாளா, வேண்டவே வேண்டாமா?" கதவை நான் திறந்து வைப்பேன், நுழைவது அவர் இஷ்டம். முக்கால்வாசிப் பேர் அன்றைக்கே ஒரு கேள்வி கேட்பார்கள், பெரும்பாலும் இதுதான்: "மூச்சுத் திணறி, தொண்டை அடைத்துத்தான் சாவேனா?" அந்தப் பயத்தோடு எத்தனையோ ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார்கள். அதற்கு உண்மையான பதில் நம்மிடம் இருக்கிறது. தொண்டை அடைத்து இறப்பது இந்த நோயில் மிக அரிது. பெரும்பாலோர் கரியமில வாயு மெல்ல ஏற, தூக்கம் கூடி, அமைதியாகப் போகிறார்கள். திணறல் வந்தால் குறைந்த அளவு மார்ஃபின், பதற்றத்துக்கு மிடாசோலம், சளிச் சத்தத்துக்குக் கிளைக்கோபைரோனியம். இவை கடைசி நேரத்தில் தேடி ஓடாமல், உங்கள் சட்டம் அனுமதிக்கும் முறையில் முன்கூட்டியே வீட்டில் ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். எப்போது, எவ்வளவு, யார் கொடுப்பது என்ற குறிப்பும் பெட்டிக்குள்ளேயே.

ஒரு வீட்டில் அந்தப் பெட்டி ஏழு மாதம் அலமாரியில் இருந்தது, திறக்கவே இல்லை. அந்த அம்மா சொன்னார்: "அது அங்கே இருக்கிறது என்று தெரிந்ததால்தான் நான் தூங்கினேன்."


நேர்கோடு

"இன்றைக்கா, இன்னொரு நாளா, வேண்டவே வேண்டாமா" என்று கேட்பது என்னாலும் முடியும். சாவைப் பற்றிப் பேசுவது என்றால் நானே எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.


பழையஸ்டெத்

இரவுப்பணி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வலி தணிப்புக் குழுவைக் கடைசி மாதத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். தசைப்பிடிப்பு, தூக்கம் என்று ஏதோ ஒரு சின்னக் காரணத்துக்கு ஆரம்பத்திலேயே ஒரு முறை வரட்டும். பிறகு அவர்கள் வாசலில் நின்றால் வீட்டார் பயப்பட மாட்டார்கள்.

குழுவை யார் கட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டனின் 2016 வழிகாட்டி, பல்துறைக் குழு 2 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை நோயாளியை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்கிறது. மையம் இருந்தால் அது அங்கே நடக்கட்டும். இடைப்பட்ட நாட்களில் உங்கள் கிளினிக்கில் ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்களிடம் நர்ஸ்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு போன் செய்வார். நோயாளி கூப்பிட வேண்டியதில்லை, அவர் கூப்பிடுவார். மாதத்துக்கு ஒரு நாள் 15 நிமிடம், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், மருந்தாளுநர், வலி தணிப்பு நர்ஸ் எல்லோரும் போனில். அந்தப் பேச்சில் இரண்டே கேள்வி: போன தடவைக்கு இப்போது என்ன மாறியிருக்கிறது, மூன்று மாதத்தில் என்ன வரும். முடிவை அந்த ஒரு பக்கத்தில் எழுதிவிடுவார். 15 நிமிடத்துக்கு மேல் போனதே இல்லை.


மூத்தமகள்

அப்பா போன பிறகு நடந்தது ஒன்று. மையத்திலிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. அது போதும் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம் கிளினிக் நர்ஸ் வீட்டுக்கு வந்தார். மெஷினைத் திருப்பி அனுப்புவது, மிச்ச மருந்தை ஒப்படைப்பது என்று காரணம் சொன்னார். ஆனால் அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். ஒன்றரை வருடமாக அம்மா எந்த டாக்டரிடமும் போகவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவரிடம்தான் தம்பி கேட்டான், இது எங்களுக்கும் வருமா என்று. பத்தில் ஒருவருக்குத்தான் குடும்ப வழியாக வருகிறது, மரபணு ஆலோசனை வேண்டுமென்றால் ஏற்பாடு செய்கிறேன், அவசரம் இல்லை, யோசித்துச் சொல் என்றார். அவன் அதுவரை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.


நிலாமுற்றம்

வியாழக்கிழமை முடிந்தது. எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

காலையில் அரை மணி நேரம் கிளினிக்கை மூடிவிட்டு ஐந்து பேரும் உட்கார்ந்தோம். இந்த இழையைப் படித்துக் காட்டினேன். மூத்தமகள், உங்கள் அப்பாவின் போன் கதையைப் படித்தபோது முன்மேசையில் இருப்பவர் எழுந்து போய் எங்கள் நோயாளியின் எண்ணை மேசை போனில் பதிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பொறுப்பை நர்ஸே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். நேற்றே அனுப்பியிருந்த கேள்விகளுக்கு அவர் இடது கையால் எழுதிய பதில் இரண்டு பக்கம். என் தாமதத்துக்கு வருத்தம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அன்றைக்கு நீங்கள் கையைத் தொட்டுப் பார்த்தீர்கள்" என்றார்.

ஒரே மூச்சில் 34 வரை எண்ணினார். ஒரு தலையணைதான். எடை 3 கிலோ குறைந்திருக்கிறது, உணவியலாளருக்கு எழுதிவிட்டேன். குரல் பதிவுக்குத் தயங்கினார், மனைவி ஒன்றும் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சரி என்றார். இரவுப்பணி சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டேன். "இன்னொரு நாள்" என்றார். கதவு வரை போனவர் திரும்பி, "அடுத்த முறை" என்றார்.

அடுத்த முறை 19-ஆம் தேதி. நர்ஸ் திங்கள்கிழமை போன் செய்கிறார். சொல்வளம், உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பதிவுக்கு எந்தக் கருவி வேண்டும் என்று கேட்டு.


சொல்வளம்

பார்த்தேன். சாதாரண மைக் போதும், ஆனால் அமைதியான அறை வேண்டும். காலை நேரம் வையுங்கள், குரல் களைப்பதற்கு முன்.